கிழிந்த ஜவ்வும் நாலு மில்லிமீட்டர் குழலும்

கபடியில் ரெய்டு போனவர் நடுக்கோட்டுக்குத் திரும்புகிறார். பாதம் தரையில் ஊன்றியிருக்கிறது, கணுக்காலை எதிரணிக்காரர் பிடித்துவிட்டார், இடுப்புக்கு மேலே உடம்பு மட்டும் திரும்புகிறது. முட்டிக்குள் ‘டப்’ என்று ஏதோ அறுந்த சத்தம் தனக்கே கேட்டதாகப் பிறகு டாக்டரிடம் சொல்வார். ஓரிரு மணி நேரத்தில் மூட்டுக்குள் ரத்தம் தேங்கி முழங்கால் வீங்கிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வற்றி நேராக நடக்கவும் முடியும். சரியாகிவிட்டது என்றே தோன்றும். அப்புறம் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பும்போது கால் நழுவும். “முட்டி கழண்டு கழண்டு போவுது சார்” என்று அவர் எலும்பு டாக்டர் முன்னால் உட்காருவது அதற்குப் பிறகுதான்.

விளையாடுகிறவர்களுக்கு மட்டும் வருகிற காயமில்லை இது. டூவீலர் சாயும்போது காலை ஊன்றி வண்டியைத் தாங்கப் பார்த்து முட்டியை முறுக்கிக்கொண்டவர்கள் நம் ஊரில் ஏராளம். ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் அகப்படுவது ஏ.சி.எல். என்கிற முன் சிலுவைத் தசைநார். தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் சாய்வாகச் செல்லும் நார் இது. சுமார் 3 செ.மீ. நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம். கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமலும் உட்புறம் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது இதன் வேலை. இளம் வயதினரின் ஏ.சி.எல். அறுபட 2000 நியூட்டனுக்கு மேற்பட்ட விசை வேண்டும். 200 கிலோ எடையைத் தொங்கவிட்டாலும் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

முழங்காலின் உட்பக்கத்தில் இருக்கும் எம்.சி.எல். என்ற பக்கநார் கிழிந்தால் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. ஆறு வாரம் பிரேஸ் போட்டுக் காத்திருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஏ.சி.எல்.லின் கதை வேறு. மூட்டுநீரில் முழுகிக் கிடப்பதால் கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து நிற்பதில்லை, கரைந்து போய்விடுகிறது. உறைகட்டி இல்லாவிட்டால் வடு இல்லை, வடு இல்லாவிட்டால் ஒட்டுவதும் இல்லை. இரண்டு முனைகளும் ஒன்றையொன்று சந்திக்காமலேயே சுருங்கிவிடுகின்றன.

மெல்லிய குழலை மூட்டுக்குள் செலுத்திச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபி என்கிற நுண்துளை அறுவை இந்தக் காயத்தின் சிகிச்சையை அடியோடு மாற்றியது உண்மை. ஆனால் கருவி சாதித்ததையும் அறிவு சாதித்ததையும் ஒரே கணக்கில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. கடந்த கால் நூற்றாண்டில் நோயாளிக்குக் கிடைத்த நன்மையில் பெரும்பங்கு குழலிலிருந்து வரவில்லை என்பது என் கணிப்பு. எங்கே துளையிடுவது, எந்த நாரை எடுத்து வைப்பது, யாருக்குச் செய்யாமல் விடுவது, எப்போது மைதானத்துக்கு அனுப்புவது என்ற கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளிலிருந்தே அது வந்தது.

குழல் வருவதற்கு முன்பே ஜவ்வைத் தைத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் 1895இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலைத் திறந்து கிழிந்த சிலுவைநார்களைத் தைத்தார். 1917இல் பிரிஸ்டலின் ஹே குரோவ்ஸ் தைப்பதை விட்டுவிட்டு, தொடையின் வெளிப்பக்க நார்ப்பட்டையில் ஒரு கீற்றை எடுத்து எலும்பில் துளைபோட்டு உள்ளே கோத்தார். இன்று உலகெங்கும் செய்யப்படும் மாற்றுநார் அறுவையின் அடிப்படை யோசனை அதுவே. இருந்தும் பல பத்தாண்டுகள் தையல்தான் கோலோச்சியது. அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது 1976இல் ஃபீகினும் கர்லும் வெளியிட்ட கட்டுரை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களுக்குத் தைத்துவிட்ட ஜவ்வுகள் ஐந்தாண்டில் என்ன ஆயின என்று பார்த்தால், பெரும்பாலான முழங்கால்கள் மீண்டும் தளர்ந்திருந்தன, வலித்தன, பலவற்றில் மறுகாயம். நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களிடமே இந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தையலைக் கைவிட்டார்கள். மாற்றுநார் வைப்பதே ஒரே வழி என்றானது.

அந்தக் காலத்து அறுவை எளிதில் மறக்கக்கூடியதில்லை. முட்டியின் முன்பக்கம் நீளமாகக் கீறி, முட்டிச் சிரட்டையை ஒதுக்கி, மூட்டை விரியத் திறப்பார்கள். பிறகு வாரக்கணக்கில் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தால் தொடைத்தசை வற்றிப்போயிருக்கும், முட்டி மடங்காது. ஜவ்வு நின்றாலும் கால் நிற்காத நிலை.

குழலின் கதை ஜப்பானில்தான் சூடு பிடிக்கிறது. 1912இல் டென்மார்க்கின் நோர்டன்டாஃப்ட் பெர்லின் மாநாடு ஒன்றில் முழங்காலுக்குள் கருவி நுழைத்துப் பார்ப்பதைப் பற்றிப் பேசியிருந்தார். 1921இல் சுவிட்சர்லாந்தின் பிர்ஷர் நோயாளிகளிடமே செய்து கட்டுரை வெளியிட்டார். இருவரின் முயற்சியும் தொடர்ச்சி இல்லாமல் நின்றுபோயின. டோக்கியோவில் கென்ஜி தகாகி 1918இல் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியைப் பிணத்தின் முழங்காலில் செலுத்திப் பார்த்ததற்குக் காரணம் விளையாட்டுக் காயம் இல்லை, காசநோய். காசம் தாக்கிய முட்டி இறுகிவிடும். தரையில் மண்டியிட்டு அமர்வதே மரியாதை என்றிருந்த சமூகத்தில் மடங்காத முட்டி வாழ்க்கையையே முடக்கியது. நோயை முன்கூட்டியே கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது தகாகியின் ஆசை.

அவருடைய மாணவர் மசாகி வதனபே அந்த ஆசையைக் கருவியாக்கினார். தபால் தந்தித் துறையின் டோக்கியோ டெய்ஷின் மருத்துவமனையில் வேலை பார்த்த அவர் மாதிரிமேல் மாதிரியாகச் செய்து பார்த்து, 1950களின் முடிவில் ‘எண் 21’ என்ற கருவியை எட்டினார். உலகம் பயன்படுத்திய முதல் ஆர்த்ரோஸ்கோப் அதுதான். அதன் நுனியில் ஒரு குட்டிப் பல்பு எரியும். சிலசமயம் மூட்டுக்குள்ளேயே உடைந்தும் போகும். 1957இல் அவர் வெளியிட்ட படநூலில் மூட்டின் உட்புறக் காட்சிகள் ஓவியரை வைத்து வரையப்பட்டவை. 1962 மே மாதம், கூடைப்பந்து ஆடி முட்டியைத் திருகிக்கொண்ட 17 வயதுப் பையனின் மெனிஸ்கஸ் (மூட்டெலும்புகளுக்கு இடையே மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பு) கிழிசலைக் குழல் வழியாகவே வெட்டி எடுத்தார். பார்க்கும் கருவி செய்யும் கருவியான நாள் அது. 1964 ஒலிம்பிக் ஆண்டில் டோக்கியோ வந்த கனடா மருத்துவர் ராபர்ட் ஜாக்சன் வதனபேயிடம் கற்றுக்கொண்டு டொரோன்டோவுக்குத் திரும்ப, அங்கிருந்து இந்த முறை வட அமெரிக்கா முழுதும் பரவியது. ஜாக்சனின் மேற்கத்திய சகாக்கள் ஆரம்பத்தில் இதைச் சாவித்துவாரம் வழியாக அறையை எட்டிப் பார்க்கிற விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1970களில் ஒளியிழையும் வீடியோ கேமராவும் சேர்ந்தன. அதுவரை மருத்துவர் குனிந்து குழலில் கண் வைத்துப் பார்த்தார்; இனி நிமிர்ந்து நின்று திரையைப் பார்த்தார், கூடவே உதவியாளரும் பார்த்தார், மாணவர்களும் பார்த்தார்கள். கற்பிக்கக்கூடிய அறுவையாக இது மாறியதில் கேமராவின் பங்கு மிகப் பெரியது. 1980 ஏப்ரலில் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் டேவிட் டேண்டி முதன்முதலாகக் குழல் வழியே ஏ.சி.எல். மாற்றுநார் வைத்தார். வைத்தது என்ன தெரியுமா? கார்பன் இழை. உடம்பிலிருந்து நார் எடுக்க வேண்டாம், கடையில் வாங்கி வைத்துவிடலாம் என்ற கனவு அந்தக் காலத்தில் பலரை ஆட்டியது. கார்பன் இழை மூட்டுக்குள் பொடிந்து உட்சவ்வைக் கறுப்பாக்கியது. கோர்டெக்ஸ், டாக்ரான் என்று அடுத்தடுத்து வந்த செயற்கை இழைகளும் நீர்கோத்தல், தளர்ச்சி, அறுந்துபோதல் என்ற வரிசையில் தோற்றன. உயிரற்ற இழை ஒவ்வொரு அடியிலும் தேயும், தன்னைத் தானே பழுதுபார்க்காது. உடம்பு நாரோ சில மாதங்களில் ரத்தக்குழாய் முளைத்து, செல்கள் குடியேறி, ஜவ்வாகவே மாறத் தொடங்கும். புதுக் கருவியின் முதல் வெற்றி தவறான பொருளைச் சுமந்து வந்தது என்பது இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த முரண்.

இன்றைய அறுவையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும்? முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்திருப்பார்கள். தொடையில் இறுக்கிய பட்டை ரத்தத்தை நிறுத்தியிருக்கும். மயக்கத்தில் தசை தளர்ந்திருக்கும்போதே மருத்துவர் முட்டியை லேசாக மடித்து, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறுகையால் கெண்டைக்காலை முன்னுக்கு இழுத்துப் பார்ப்பார். நல்ல கால் ‘டக்’கென்று நிற்கும், கிழிந்த கால் நிற்காமல் வழுக்கும். லாக்மன் சோதனை என்று பெயர். கைதேர்ந்தவர் செய்தால் எம்.ஆர்.ஐ.க்கு ஏறக்குறைய ஈடானது, செலவும் இல்லாதது. பிறகு சிரட்டைக்குக் கீழே இருபக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு துளைகள். ஒன்றில் 4 மி.மீ. குழல், உள்ளே உப்புநீர் பாய்ந்து மூட்டை விரிக்கும். மற்றதில் கொக்கி. கிழிந்த ஜவ்வு திரையில் பிசிறடித்த நூல்முனையாகத் தெரியும். கொக்கியால் தொட்டால் விறைப்பே இருக்காது.

அதே நேரம் முட்டியின் உட்பக்கத்தில் சின்னக் கீறல் வழியாக, தொடையின் பின்பக்கத்திலிருந்து வரும் இரண்டு ஹாம்ஸ்ட்ரிங் நார்களை வளைய முனைக் கருவி ஒன்று உருவி எடுக்கும். பக்கத்து மேஜையில் ஒருவர் அதிலிருந்து தசைத் துணுக்குகளைச் சுரண்டி, நாலாக மடித்து, முனைகளைத் தைத்து, துளைத்தகட்டில் விட்டு விட்டம் அளப்பார். 8 மி.மீ. வந்தால் நிம்மதி; அதற்குக் குறைந்த நார் இளையோரிடம் அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம். அளந்து முடித்து வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தில் நனைத்த துணியில் சுற்றி வைப்பார்கள். 2012இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு ஆய்வுக்குப் பிறகு பரவிய வழக்கம் இது. மூட்டுக்குள் சீழ் பிடிப்பதை இது பெரிதும் குறைத்துவிட்டது. ஒரு துணியும் ஒரு மருந்துக் குப்பியும் செய்த வேலை. இதற்கு விளம்பரம் யாரும் கொடுப்பதில்லை. முட்டியை நன்றாக மடித்து, தொடையெலும்பில் ஜவ்வு பிறக்கும் இடத்தில் கம்பி செலுத்தி, அதன் மேல் துளையிட்டு, கீழ்க்கால் எலும்பிலும் ஒரு குடைவு போட்டு, நூலைப் பிடித்து நாரை மேலே இழுப்பார்கள். நாரின் தலையில் உள்ள உலோகப் பொத்தான் எலும்புக்கு வெளியே போய்க் குறுக்கே புரண்டு பூட்டிக்கொள்ளும். கீழ்முனையைத் திருகு பிடிக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்த ஒரு மணி நேரத்தில் முடிவைத் தீர்மானிக்கும் கணம் கம்பி செலுத்தும் கணமே. சில மில்லிமீட்டர் முன்னால் போய்விட்டால் முட்டி மடங்கும்போது நார் இறுகும், நீட்டினால் தளரும், கடைசியில் அறும். 1990களில் வேகத்துக்காகக் கீழ்க்கால் குடைவின் வழியாகவே மேலே துளையிட்டார்கள். அப்படிச் செய்தால் நார் செங்குத்தாக நின்றுவிடும். முன்பின் நழுவலைத் தடுக்கும், முறுக்கைத் தடுக்காது. பிட்ஸ்பர்க்கின் ஃப்ரெடி ஃபூவும் ஜப்பானிய மருத்துவர்களும் இயற்கை ஜவ்வு பிறக்கும் தடத்திலேயே நாரை வைக்க வேண்டும் என்று வாதாடினார்கள். ஏ.சி.எல்.லில் இரண்டு கற்றைகள் இருப்பதால் இரண்டு நார்களாகவே வைப்போம் என்று ஒரு காலகட்டம் கிளம்பியது. இரட்டை நார் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது, இயற்கைத் தடம் நிலைத்துவிட்டது. புதுமை என்று வந்ததில் பாதி போய்ப் பாதி தங்குவது இந்தத் துறையின் இயல்பு.

எந்த நாரை எடுப்பது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. சிரட்டைக்குக் கீழுள்ள நாரை இருபுறமும் எலும்புத் துண்டோடு எடுத்தால் எலும்போடு எலும்பு சீக்கிரம் ஒட்டும், உறுதியும் அதிகம்; ஆனால் மண்டியிட்டால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். ஹாம்ஸ்ட்ரிங் எடுத்தால் அந்த வலி குறைவு, ஆனால் மடக்கும் பலம் சற்றே குறையும். சிரட்டைக்கு மேலுள்ள குவாட்ரிசெப்ஸ் நார் இப்போது வேகமாக ஆதரவு பெற்று வருகிறது. இறந்தவரின் நாரைப் பதப்படுத்தி வைப்பது வயதானவர்களுக்குச் சரிப்படலாம்; பதின்ம வயதினரிடம் அது பல மடங்கு அதிகமாக அறுகிறது என்று அமெரிக்காவின் பெரிய கண்காணிப்பு ஆய்வுகள் காட்டிவிட்டன. இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் கணுக்காலின் வெளிப்பக்கமுள்ள பெரோனியஸ் லாங்கஸ் நாரை எடுக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, தரையில் மண்டியிட்டு வேலை பார்க்கிறவரின் முட்டியைச் சுற்றி இன்னொரு காயம் வைக்காமல் இருப்பது நல்ல யோசனைதான். கணுக்காலின் பலம் நீண்ட காலத்தில் என்னவாகிறது என்பதைப் பார்க்கும் ஆய்வுகள் இன்னும் நிறைய வேண்டும்.

2013இல் பெல்ஜியத்தின் லூவென் நகரிலிருந்து வந்த கட்டுரை ஒன்றைப் பத்திரிகைகள் ‘மனித முழங்காலில் புது நார் கண்டுபிடிப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டன. முட்டியின் முன்-வெளிப்பக்கத்தில், ஆராய்ந்த 41 முழங்கால்களில் 40இல் ஒரு நார் தெளிவாக இருந்தது என்பது செய்தி. பாரிஸின் செகோன் 1879லேயே அங்கே ஒரு முத்துநிற நார்ப்பட்டையைப் பார்த்து எழுதியிருந்தார். பத்திரிகைகளின் மிகைக்கு நடுவிலும் ஒரு நல்லது நடந்தது. பழைய திறந்த அறுவைக் காலத்தில் செய்து, குழல் வந்ததும் மறந்துவிட்ட ‘வெளிப்பக்கப் பிடிப்பு’ திரும்ப வந்தது. கனடாவும் ஐரோப்பாவும் சேர்ந்து 14 முதல் 25 வயதுக்குட்பட்ட, மறுகாயத்துக்கு அதிக வாய்ப்புள்ள 618 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தன. ஒரு சாராருக்கு ஹாம்ஸ்ட்ரிங் நார் மட்டும். மறு சாராருக்கு அதோடு முட்டிக்கு வெளிப்பக்கம் தொடைப்பட்டையின் ஒரு கீற்றையும் பிடித்துத் தைத்தார்கள். 2020இல் வந்த முடிவு: இரண்டாண்டில் நார் அறுந்தது முதல் பிரிவில் 11 சதவீதம், இரண்டாவதில் 4 சதவீதம். குழல் எட்டாத இடத்தில், வெளியே ஒரு கீறல் போட்டுச் செய்கிற வேலை குழலின் வேலையைக் காப்பாற்றுகிறது. துளை சிறியதாக இருந்தால் அறுவை நல்லது என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதைத்துவிட்டதாக நினைத்த தையலும் எழுந்து வந்திருக்கிறது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் மார்த்தா மரே, ஜவ்வு ஒட்டாததற்கு உறைகட்டி நிற்காததே காரணம் என்றால் அதை நிற்க வைத்துப் பார்க்கலாமே என்று கேட்டார். மாட்டுக் கொலாஜனில் செய்த பஞ்சு ஒன்றை நோயாளியின் ரத்தத்தில் நனைத்துக் கிழிந்த முனைகளுக்கிடையில் வைத்து, தையலும் போடுகிற ‘பேர்’ (BEAR) என்ற முறைக்கு 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 100 பேரிடம் நடந்த ஒப்பீட்டில் இரண்டாண்டு முடிவில் இது மாற்றுநாருக்குச் சளைத்ததாக இல்லை. மறுபடி கிழிந்தவர்கள் 14 சதவீதம், மாற்றுநாரில் 6 சதவீதம்; எண்ணிக்கை சிறியதால் இந்த வித்தியாசத்தைப் புள்ளியியல்ரீதியாக உறுதி என்று சொல்ல முடியாது, அலட்சியப்படுத்தவும் கூடாது. சிட்னியின் கிராஸ் தந்தை-மகன் இருவரும் ஒருபடி மேலே போய்க் கத்தியே வேண்டாம் என்றார்கள். காயம்பட்ட சில வாரங்களுக்குள் முட்டியை 90 டிகிரியில் மடக்கி நான்கு வாரம் பூட்டிவைத்து, மெல்ல மெல்ல நீட்டி 12 வாரத்தில் பிரேஸை எடுத்துவிடுவது அவர்கள் முறை. 2023இல் வெளியான 80 பேரின் கணக்கில் 90 சதவீதத்தினரிடம் மூன்று மாத எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு தொடர்ச்சியாகத் தெரிந்தது. ஒப்பிட வேறு பிரிவு இல்லாத ஆய்வு என்பதால் இதை வழிகாட்டுதலாகக் கொள்ள முடியாது. ஆனால் ‘ஏ.சி.எல். ஒருபோதும் ஒட்டாது’ என்று பாடப்புத்தகத்தில் எழுதிய வரிக்கு இனி அடிக்குறிப்பு தேவை.

அடுத்தது பலர் கேட்கத் தயங்குகிற கேள்வி. கிழிந்த எல்லோருக்கும் அறுவை வேண்டுமா? ஸ்வீடனின் லுண்ட் நகரில், சுறுசுறுப்பான 121 இளைஞர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவையும் பயிற்சியும். மற்றதற்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பின்னால் அறுவை. 2010இல் வெளியான இரண்டாண்டு முடிவில் நோயாளிகளே தங்கள் முட்டிக்குப் போட்ட மதிப்பெண்ணில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. காத்திருந்த பிரிவில் ஐந்தாண்டுக்குள் பாதிப்பேர் அறுவைக்கு வந்துவிட்டார்கள், மீதிப் பாதி வரவே இல்லை. 167 பேரிடம் நடந்து 2021இல் வெளியான நெதர்லாந்து ஆய்விலும் காத்திருந்தவர்களில் பாதிப்பேருக்குக் கத்தி தேவைப்படவில்லை. 2022இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. காயம்பட்டு மாதங்கள் கழிந்தும் முட்டி நழுவிக்கொண்டே இருந்த 316 பேரில் அறுவைப் பிரிவினர் 18 மாதத்தில் தெளிவாக நன்றாக இருந்தார்கள். நூற்றுக்கு 73 மதிப்பெண், பயிற்சிப் பிரிவினருக்கு 64.6. மூன்றையும் சேர்த்து வைத்தால் பொருள் விளங்குகிறது. புதுக் காயத்துக்கு அவசரம் இல்லை. பயிற்சிக்குப் பிறகும் நழுவுகிற முட்டிக்குத் தாமதிப்பதில் அர்த்தமும் இல்லை. எம்.ஆர்.ஐ. தாளைப் பார்த்த அன்றே தேதி குறிப்பவர்களுக்கு இந்த ஆய்வுகளில் ஆதரவு எதுவும் இல்லை. வீக்கத்தோடும் விறைப்போடும் உள்ள முட்டியை அவசரமாக அறுத்தால் வடுத்திசு வளர்ந்து மூட்டு இறுகிவிடும் என்பது 1990களிலேயே தெரிந்த செய்தி. விதிவிலக்கும் உண்டு. கூடவே மெனிஸ்கஸ் கிழிந்து இடையில் மாட்டி முட்டி பூட்டிக்கொண்டால், அல்லது மூன்று நான்கு நார்கள் ஒன்றாக அறுந்தால், காத்திருக்கக் கூடாது.

இங்கே ஆர்த்ரோஸ்கோபியின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிட வேண்டும். கருவி எளிதானதும் தேவையில்லாத இடத்திலும் நுழைந்தது. மூட்டுத்தேய்மானம் உள்ள முதியவர்களின் முட்டியைக் குழல்வைத்துக் கழுவிச் சுத்தம் செய்வது உலகம் முழுக்கப் பெரிய வியாபாரமாக இருந்தது. 2002இல் ஹூஸ்டனில் மோஸ்லி 180 பேரிடம் செய்த சோதனையில், தோலை மட்டும் கீறித் தைத்துவிட்ட போலி அறுவைக்கும் நிஜ அறுவைக்கும் வலிநிவாரணத்தில் வேறுபாடே இல்லை. 2013இல் பின்லாந்துக்காரர்கள் தேய்மானத்தால் கிழிந்த மெனிஸ்கஸை வெட்டுவதிலும் இதையே கண்டார்கள். ஐம்பது வயதுக்காரரின் எம்.ஆர்.ஐ.யில் ‘மெனிஸ்கஸ் கிழிசல்’ என்று எழுதியிருந்தால் அது நரைமுடிக்குச் சமானமான செய்தியாக இருக்கலாம். கபடி வீரரின் கிழிசலும் அவருடையதும் வெவ்வேறு நோய்கள்.

அறுவை முடிந்த மறுநாள் காலை வார்டுக்குப் போனால் வீட்டார் அன்போடு முட்டிக்கடியில் தலையணை வைத்திருப்பார்கள். நோயாளிக்கு அது சுகமாகவும் இருக்கும். பிசியோதெரபிஸ்ட் வந்ததும் முதல் வேலை அந்தத் தலையணையை உருவி எடுப்பதுதான். மடங்கியே கிடந்தால் முட்டி முழுக்க நீளாது. ஐந்து டிகிரி நீட்சி குறைந்தாலே நொண்டி நடை நிலைத்துவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைக் கீழே அழுத்தச் சொல்லி, தொடைத்தசை துடிக்கிறதா என்று பார்ப்பார். இண்டியானாபோலிஸின் ஷெல்போர்ன், சொன்னதைக் கேட்காமல் கட்டைக் கழற்றி நடந்த நோயாளிகளே நன்றாகத் தேறியதைக் கவனித்து 1990இல் எழுதினார். மாவுக்கட்டு யுகம் அதோடு முடிந்தது.

ஆனால் விரைந்து நடப்பது வேறு, விரைந்து விளையாடுவது வேறு. உள்ளே வைத்த நார் முதல் மாதங்களில் பலமடைவதில்லை, பலவீனமடைகிறது. பழைய செல்கள் மடிந்து புதியவை குடியேறும் அந்தக் காலத்தில் வீக்கமும் வலியும் போயிருக்கும், நோயாளிக்குத் தெம்பு வந்திருக்கும், ஆபத்தும் அப்போதுதான். நார்வே-டெலவேர் கூட்டாய்வு 106 பேரைத் தொடர்ந்து பார்த்து 2016இல் சொன்னது: ஒன்பது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாய வீதம் பாதியாகக் குறைகிறது. இருகால் தொடைத்தசைப் பலமும் கிட்டத்தட்டச் சமமாக வேண்டும். 25 வயதுக்குள் விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் நால்வரில் ஒருவர் அளவுக்கு இரண்டாவது ஏ.சி.எல். கிழிசல் வருகிறது. அது பலருக்கு மறுகாலில் வருகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வலது முட்டி நார் அறுந்து ஸ்ட்ரெச்சரில் வெளியேறிய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2023இல் இடது முட்டிக்காக மும்பையில் அறுவை மேஜைக்குப் போனார். அவரைப் போன்றவர்களை வைத்து எல்லோரும் திரும்பி வந்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. 2014இன் தொகுப்பாய்வு ஒன்றின்படி ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம், போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம் மட்டுமே. முட்டி தேறினாலும் அந்தக் காலை நம்பி ஊன்றத் துணிவு வராதவர்கள் மீதியில் நிறைய.

நம் ஊரில் இந்த ஒன்பது மாதம்தான் ஓட்டையாக இருக்கிறது. அறுவைக்குக் காப்பீடு கிடைத்துவிடும், ஊரே காசு திரட்டிக் கொடுத்துவிடும். பிசியோவுக்கு வாரம் இரண்டு முறை பஸ் ஏறி டவுனுக்குப் போகக் காசும் லீவும் யார் தருவது? தையல் பிரித்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்து மூன்றாவது மாதம் லோடு ஏற்றப் போனவர்களும், ஐந்தாவது மாதம் ஊர்த் திருவிழாக் கபடியில் இறங்கியவர்களும் எல்லா எலும்பு மருத்துவர்களின் நினைவிலும் இருப்பார்கள்.

சிறுவர்களின் பிரச்சினை தனி. எலும்பு நீளும் இடமான வளர்தட்டு இன்னும் மூடாத எலும்பில் துளையிட்டால் கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரலாம் என்று ஒருகாலத்தில் பதினாறு வயது வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த காலத்தில் மெனிஸ்கஸ் சிதைந்துபோனது. வளர்தட்டைத் தொடாமல் நார் வைக்கும் முறைகள் இப்போது இருப்பதால் அந்த அறிவுரை தளர்ந்திருக்கிறது. பின் சிலுவைநாரான பி.சி.எல். பற்றிச் சொல்ல அதிகமில்லை: தனியாகக் கிழிந்தால் பெரும்பாலும் பிரேஸும் பயிற்சியும் போதும்.

மெனிஸ்கஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த முப்பதாண்டில் குழல் செய்த உண்மையான பேருதவி அங்கேதான் என்று நினைக்கிறேன். முன்பு ஜவ்வு அறுவையின்போது கிழிந்த மெனிஸ்கஸைக் கண்டால் வெட்டி எடுத்தார்கள். இன்று தைக்கிறார்கள், வேரோடு பிய்ந்துபோனதையும் எலும்பில் திரும்பக் கட்டுகிறார்கள். திறந்து செய்தால் கைபோகாத மூட்டின் பின்மூலை அது. இந்தத் தையலின் மதிப்பு பின்னால்தான் தெரியும். ஏ.சி.எல். அறுவை மூட்டுத்தேய்மானத்தைத் தடுக்கும் என்பது உறுதியாகவில்லை. கிழிந்த அன்றே குருத்தெலும்பு அடிவாங்கிவிடுகிறது. ஸ்வீடனின் கால்பந்து வீராங்கனைகள் 103 பேரைக் காயத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சராசரி வயது 31. அறுவை செய்தவர், செய்யாதவர் என்ற பேதமின்றி எக்ஸ்ரே எடுத்தவர்களில் பாதிப்பேருக்குத் தேய்மானம் தெரிந்தது. தேய்மானத்தை முடுக்கிவிடுவதில் மெனிஸ்கஸை இழப்பதற்கு முதலிடம்.

அதனால்தான் கிழியாமல் பார்த்துக்கொள்வது பற்றிய ஆய்வுகளுக்கு இவ்வளவு மதிப்பு. ஒரே விளையாட்டில் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழிவது ஆண்களைவிடப் பல மடங்கு. ஃபிஃபாவின் ‘11+’ பயிற்சி சுமார் இருபது நிமிடம்: குதித்து முட்டியை உள்ளே சாய்க்காமல் இறங்குவது, ஒற்றைக்காலில் நிற்பது, ஓடித் திடீரென்று திரும்புவது. நார்வேயில் பதின்ம வயதுப் பெண்களின் கால்பந்து அணிகளில் சோதித்து 2008இல் வெளியிட்டபோது கடுமையான காயங்கள் கணிசமாகக் குறைந்திருந்தன. ஒழுங்காகச் செய்த அணிகளுக்கே பலன். கபடிக்கும் இதே அசைவுகள் பொருந்தும், மண்தரையிலும் ‘மேட்’ விரிப்பிலும். செய்ய வைக்க வேண்டியவர் மருத்துவர் இல்லை. மாலையில் பள்ளி மைதானத்தில் விசில் வைத்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்.